முப்பத்திரண்டு காலண்டர் கட்டுகள்

ஆவி, காத்து, கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் சொல்லப்போவதைக் கேட்டவர்களில் பாதிப் பேர், இவன் பயந்த சுபாவம் போல என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். செத்த வீட்டுக்கு ஐஸ் பெட்டி ஏற்றிப் போகிற வேலையும் செய்திருக்கிறேன் நான். காரியம் முடிந்து பெட்டியைத் திருப்பி எடுத்து வரும் வழியில் தூக்கம் வந்தால் வண்டியை ஓரங்கட்டி, அந்தப் பெட்டியை ஒட்டியே காலை நீட்டித் தூங்கியிருக்கிறேன். ஒரு கெட்ட கனவுகூட வந்தது கிடையாது. அப்படிப்பட்டவனுக்கு, வெயில் காய்கிற மத்தியானம் மூன்று மணிக்கு, நாலு பேர் நடமாடுகிற ரோட்டில் நடந்தது இது. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை, நானே பல நாள் நம்பாமல்தான் இருந்தேன்.

என்னுடையது ஸ்டேஷன் வேகன். ஆர்.சி. புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கும். எங்கள் பக்கத்தில் யாருக்கும் அது வாயில் நுழையாது, நீள வண்டி என்பார்கள். மில்லில் மேனேஜராக இருந்த ஒருவர் பிள்ளைகுட்டிகளோடு குற்றாலம் போய்வர வாங்கிய கார். அவர் பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டார்கள், வண்டி என்னிடம் வந்தது. வந்த வாரமே பின் சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்தேன். பின் சக்கரத்துக்கு மேல் ஸ்பிரிங் பட்டையில் பக்கத்துக்கு ஒன்று கூடுதலாகப் போட்டேன். அவ்வளவுதான், குடும்பக் கார் லோடு வண்டி ஆகிவிட்டது. அச்சாபீஸ்களிலிருந்து காலண்டர் கட்டு, பேப்பர் ரீம், கிரைண்டர், சிமெண்ட் மூட்டை, கல்யாண வீட்டு அண்டா, எதைச் சொன்னாலும் ஏற்றுவேன். சின்னச் சந்துக்குள் லாரி போகாது, ஆட்டோ தாங்காது, அங்கே என் வண்டி போகும். கம்பெனிக்காரன் அந்தக் காருக்கு என்ன கனம் எழுதி வைத்தானோ அதைப் போல இரண்டு மடங்கு ஏற்றுவேன். பெருமையாகத்தான் இருந்தேன் அப்போது.

பதினைந்து வருடம் இதையே ஓட்டினால் கனம் முதுகில் தெரிய ஆரம்பித்துவிடும். பின்னால் பாரம் ஏற ஏற முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், ஸ்டியரிங் தண்ணீரில் மிதக்கிற மாதிரி ஆகும். முப்பத்திரண்டு கட்டு ஏற்றச் சொல்லி முப்பத்தொன்றுதான் ஏற்றியிருந்தால் அச்சாபீஸ் வாசலைத் தாண்டுவதற்குள் எனக்குத் தெரிந்துவிடும். இது பெருமைக்குச் சொல்வதல்ல, பின்னால் சொல்லப்போவதற்கு இது வேண்டும், அதனால் சொல்கிறேன்.

முதலில் ஒரு விபத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால், புரட்டாசி மாதம். தீபாவளி ஆர்டரும் காலண்டர் ஆர்டரும் ஒன்றாக நெருக்குகிற சீசன், தெரியாதா உங்களுக்கு, சிவகாசியில் அப்போது யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. நாரணாபுரம் பக்கத்து அச்சாபீஸ் ஒன்றில் முப்பத்திரண்டு கட்டு ஏற்றிக்கொண்டு சிவகாசி பார்சல் ஆபீசுக்கு வந்துகொண்டிருந்தேன். ஒரு கட்டு இருபத்தைந்து கிலோ. மேகம் கறுத்துக் கிடந்தது, ஆனால் மழை இறங்கவில்லை. அப்போது அந்தச் சத்தம்.

எங்கள் ஊரில் சத்தத்துக்கு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பட்டாசை வெடித்துப் பார்க்கிற சத்தம் தினமும் கேட்பதுதான். ஆனால் அந்தச் சத்தம் வேறு. காதில் விழுவதற்கு முன்னால் வயிற்றில் விழும். ரோட்டில் போன எல்லா வண்டியும் தானாக நின்றது. வலது கைப்பக்கம் காட்டுக்குள் இருந்த ஒரு பட்டாசு யூனிட்டிலிருந்து புகை வெள்ளையாகக் கிளம்பி அப்புறம் கறுத்தது.

நான் அந்த இடத்துக்கு வந்து சேரும்போது கால் மணி நேரம் ஆகியிருக்கும். இரண்டு ஆம்புலன்ஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மூன்றாவது வர வேண்டும், வரவில்லை. ரோட்டோரம் வேலிக்கருவை மரத்தடியில் மூன்று பெண்களைக் கிடத்தியிருந்தார்கள். ஒரு ஆள் ஓடி வந்து என் வண்டிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றான்.

"அண்ணே, மூணு பேரு கெடக்காக. உங்க வண்டி நீளமா இருக்கு. படுக்க வச்சுக் கொண்டு போயிரலாம்ணே."

"லோடு இருக்கப்பா."

"எறக்குவோம்ணே. எம்புட்டு நேரம்."

இறங்கிப் பின் கதவைத் திறந்தேன். அந்த ஆள் முதல் கட்டை இழுத்து ரோட்டோரச் சாக்கடையைப் பார்த்து எறியப் போனான். நான் அவன் கையைப் பிடித்துவிட்டேன். "ஏலே, எறியாத. பேப்பர் நனைஞ்சாப் போச்சு" என்றேன்.

சொன்னது நான்தான். அந்தக் குரல் இப்போதும் என் காதில் கிடக்கிறது. எதற்காகச் சொன்னேன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. அச்சாபீஸ் முதலாளிக்குப் பயந்து சொன்னேனா என்றால் அதுவும் இல்லை, அவர் நல்ல மனிதர், எறிந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார். பதினைந்து வருடமாகப் பேப்பர் நனையக் கூடாது என்று பழகிய கை. மனசு எங்கேயோ இருக்க, கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. வண்டியில் இருந்த தார்ப்பாயை எடுத்துத் தரையில் விரித்தேன். அதன் மேல் கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி அடுக்கினேன். வண்டி என்னுடையது, அதனால் மற்றவர்களும் மறு பேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார்கள். அடுக்கி முடித்து மிச்சத் தார்ப்பாயை மேலே போட்டு மூடிக் கல் வைத்தேன். மொத்தம் பத்து நிமிடம். பேப்பர் தார்ப்பாயில் இருந்தது. அந்த மூன்று பெண்களும் வெறும் மண்ணில் கிடந்தார்கள். இது எனக்குத் தோன்றவே இல்லை அப்போது. ராத்திரி வீட்டில் சட்டையைக் கழற்றும்போதுதான் தோன்றியது. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று பேரில் கடைசியாகக் கிடந்தவள் முத்துமாரி. அவள் பெயர் எனக்குப் பிறகுதான் தெரியும். மற்ற இருவரும் அலறிக்கொண்டிருந்தார்கள். இவள் சத்தம் போடவில்லை, நான் கட்டு இறக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களை ஆட்கள் தூக்கி ஏற்றினார்கள், இவளை நான் தூக்கினேன். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் வெந்துபோயிருந்தது, எங்கே பிடிப்பது என்றே தெரியவில்லை. பலகையில் படுக்க வைத்தேன். ஆஸ்பத்திரி வரைக்கும் அழுத்திய ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினேன். அங்கிருந்து மூன்று பேரையும் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மற்ற இருவரும் தழும்போடு பிழைத்துவிட்டார்கள். முத்துமாரி நாலாம் நாள் போய்விட்டாள்.

பத்து நிமிடம் முந்தியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கத் தைரியமில்லை என்பதுதான் சரி.

இருபது நாள் கழித்து ஒரு ஆள் வீடு தேடி வந்தான். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும், தாடி, கையில் ஒரு துணிப்பை. முத்துமாரியின் புருஷன் கருப்பசாமி என்றான். கல்யாணம் முடிந்து நாரணாபுரத்தில் வாடகைக்கு இருந்தவர்கள். விபத்து நடந்த அன்று அவன் திருப்பூருக்கு ஏதோ வேலையாகப் போயிருந்திருக்கிறான், செய்தி கேட்டு நேராக மதுரைக்கு ஓடியிருக்கிறான். இனிமேல் இங்கே இருக்க முடியாது, சொந்த ஊர் மல்லாங்கிணறுக்கே போய் இருக்கிற மானாவாரிக் காட்டைப் பார்க்கப் போகிறேன் என்றான்.

"நீங்க மட்டும் வரலேன்னா அந்த நாலு நாள் எனக்குக் கெடச்சிருக்காதுண்ணே" என்று பையை என் மனைவி கையில் கொடுத்தான். உளுந்து. அவன் காட்டில் விளைந்தது.

இருப்பா, சாப்பிட்டுப் போ என்றேன். அவன் இருக்கவில்லை. அந்த உளுந்தில் என் மனைவி களி கிண்டிக் கொடுத்தாள். ஒரு வாய்கூட உள்ளே இறங்கவில்லை. என்ன ஏது என்று அவள் கேட்டாள், வயிறு சரியில்லை என்றேன். அந்தப் பத்து நிமிடத்தை அவளிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. ஊருக்குள் எனக்கு நல்ல பெயர். மூன்று பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் என்று டீக்கடையில் காசு வாங்க மறுத்தார்கள். மறு வருடம் மாசியில் கருப்பசாமி மறுபடியும் உளுந்து கொண்டு வந்தான். வாசலில் அவன் தலை தெரிந்ததும் நான் பின்வாசல் வழியாகப் போய்விட்டேன்.

இப்போது, முதலில் சொன்னேனே, அந்த நாள். விபத்து நடந்து சரியாக ஒரு வருடமா என்று கேட்பீர்கள், எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். இல்லை. பதினோரு மாதமும் சில நாட்களும். திதியும் இல்லை, அமாவாசையும் இல்லை, சாதாரண வியாழக்கிழமை.

அதே அச்சாபீஸ், அதே முப்பத்திரண்டு கட்டு. வாசலில் வாட்ச்மேன் என்னோடு நின்று எண்ணிச் சீட்டில் நேரம் போட்டுக் கையெழுத்து வைத்தார். மூன்று மணி ஐந்து நிமிடம். பின் கதவின் கொண்டி பழுதாகி ரொம்ப நாள் ஆகிறது, அதனால் சங்கிலி போட்டுப் பூட்டுவேன். அன்றைக்கும் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகினேன். கிளம்பினேன்.

வழியில் எங்கேயும் நிறுத்தவில்லை. அந்த வேலிக்கருவை மரம் வரும்போது எப்போதும் நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டு கொஞ்சம் வேகமாகப் போய்விடுவேன். அன்றைக்கு ஆட்டு மந்தை ஒன்று ரோட்டைக் கடந்தது. ஆகவே வேகத்தைக் குறைத்தேன். குறைத்தேன், நிறுத்தவில்லை. வேறு ஒன்றும் நடக்கவில்லை. வாசனை வந்ததா, குளிர்ந்ததா, யாராவது கூப்பிட்டார்களா என்றெல்லாம் கேட்டால், ஒன்றும் இல்லை. நடக்காததுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. வண்டி பாரமாகத்தான் வந்தது. முன்பக்கம் தூக்கிக்கொண்டு, ஸ்டியரிங் மிதந்துகொண்டு, ரயில்வே கேட் மேட்டில் ஏறும்போது எப்போதும் போல முக்கிக்கொண்டு. முழு லோடு என்று என் முதுகு சொல்லிக்கொண்டே வந்தது.

பார்சல் ஆபீசில் பாண்டி என்று ஒரு சுமைதூக்கும் ஆள், என்னை விட இளையவன். நான் வண்டியைப் பின்பக்கமாக விட்டபோது பின்னால் நின்று கைகாட்டியவன் அவன்தான்.

"என்னண்ணே, டயரே தெரியல. அம்புட்டையும் ஏத்திட்டீகளா" என்றான். இதை அவன் சொன்னான். பிறகு நான் அவனிடம் பத்து தடவை கேட்டிருக்கிறேன், ஆமாண்ணே சொன்னேன் என்றுதான் சொல்கிறான்.

பூட்டைத் திறந்து, சங்கிலியை உருவிக் கதவைத் தூக்கினேன். உள்ளே ஒன்றும் இல்லை.

பலகை மட்டும் இருந்தது. ஒரு துண்டுப் பேப்பர்கூட இல்லை. தார்ப்பாயும் இல்லை. பாண்டி உள்ளே தலையை விட்டு முன் சீட்டு வரைக்கும் எட்டிப் பார்த்தான், ஏதோ நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு.

"சரக்க எங்கண்ணே விட்டீக?"

குனிந்து பின் சக்கரத்தைப் பார்த்தேன். காலி வண்டிக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பார்சல் ஆபீஸ் நோட்டில் நான் வந்து சேர்ந்த நேரம் மூன்று இருபத்தைந்து.

திரும்பி ஓட்டினேன். இப்போது வண்டி நிஜமாகவே காலி, சின்னப் பள்ளத்துக்குக்கூடத் துள்ளியது. எங்கே போக வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. மற்ற இடமெல்லாம் தேடிவிட்டு அங்கே போனேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் நேராக அங்கேதான் போனேன்.

வேலிக்கருவை மரத்தடியில் என் தார்ப்பாய் விரித்திருந்தது. அதன் மேல் கட்டுகள். ஒரு வரிசை நெடுக்காக, அடுத்த வரிசை குறுக்காக, ஓரம் சாயாமல், வரி பிசகாமல். நான் அப்படி அடுக்க மாட்டேன். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. மிச்சத் தார்ப்பாயை மேலே போட்டு மூடி, நாலு பக்கமும் கல் வைத்திருந்தது. எண்ணினேன். முப்பத்திரண்டு.

ஆடு மேய்க்கிற அம்மா ஒருவர் சற்றுத் தள்ளி நின்றார். யாராவது இங்கே இறக்கினார்களா என்று கேட்டேன். "நான் ஆட்டப் பாப்பனா, ரோட்டப் பாப்பனா" என்றார். பிறகு, "நீங்களே எறக்கிட்டு நீங்களே கேக்கீக" என்றும் சொன்னார். என்னைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, பார்க்கவில்லை, வேறு யார் இறக்குவார்கள் என்றார்.

பாண்டியும் பிறகு அதைத்தான் சொன்னான், ஏதோ நினைப்பில் நீங்களே இறக்கிவிட்டு மறந்துவிட்டீர்கள் என்று. நானும் அப்படி நினைத்துப் பார்த்தேன், நினைக்கத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் முப்பத்திரண்டு கட்டை ஒற்றை ஆளாக இறக்கி அப்படி அடுக்க எனக்கு முக்கால் மணி நேரம் வேண்டும். வாட்ச்மேன் சீட்டுக்கும் பார்சல் ஆபீஸ் நோட்டுக்கும் நடுவில் இருந்ததே இருபது நிமிடம். அந்தத் தூரத்தை ஓட்டவே இருபது நிமிடம் ஆகும்.

பட்டாசு வேலை செய்கிறவர்கள் கையில் வெள்ளி மாதிரி மருந்துப் பொடி ஒட்டியிருக்கும், தொட்ட இடத்தில் எல்லாம் பதியும். கட்டுகளின் மேல் காகிதத்தில் அப்படி ஏதாவது தடம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சுத்தமான கட்டுகள். மறுபடியும் வண்டியில் ஏற்ற ஆரம்பித்தேன். நாலு கட்டு ஏற்றியதும் முடியவில்லை. தார்ப்பாயின் ஓரத்தில், வெறும் மண்ணில் உட்கார்ந்து அழுதேன். ஐம்பது வயது ஆள் ரோட்டோரம் உட்கார்ந்து அழுவதை பைக்கில் போன இரண்டு மூன்று பேர் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அஞ்சு நாள் வண்டியை எடுக்கவில்லை. ஆறாம் நாள் காலையில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தார்ப்பாய் உட்பட. அவள் கோயில், மந்திரித்தல் என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். ஆனால் அவள், "அந்தத் தம்பி கொண்டாந்த உளுந்து இன்னும் டப்பால கெடக்கு. போயிச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

மல்லாங்கிணறில் கருப்பசாமியின் காடு ஊருக்கு வெளியே. நான் போகும்போது மக்காச்சோளத்துக்கு ஊடே களை வெட்டிக்கொண்டிருந்தான். வண்டியைப் பார்த்ததும் களைக்கொத்தைப் போட்டுவிட்டு வந்தான். "வாங்கண்ணே, என்ன இம்புட்டு தூரம்" என்று தூக்குச்சட்டியிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான். குடிக்காமல் நின்றபடியே சொன்னேன். எறியாத என்று சொன்னதை, தார்ப்பாய் விரித்ததை, பத்து நிமிடத்தை. கட்டுகள் தானாக இறங்கியதையும் சொன்னேன். சொல்லும்போது எனக்கே பைத்தியக்காரன் பேச்சு மாதிரி இருந்தது.

அவன் கேட்டு முடித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தான்.

"பேப்பர் சங்கதி எனக்குத் தெரியும்ணே" என்றான்.

"எப்பிடித் தெரியும்?"

"அவ சொன்னா. ஆஸ்பத்திரியில."

நானும் அவனுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

"எனக்கு உங்க மேல கொலவெறி வந்துச்சுண்ணே. உள்ளதச் சொல்லணும்ல. பொண்டாட்டி மண்ணுல கெடக்கா, இவரு பேப்பருக்குப் பாய் விரிக்காரேன்னு. ஆனா அவ அத அப்பிடிச் சொல்லல. கம்பெனியில அவ பெட்டி அடுக்குற வேலை பாத்தவ. 'அந்த அண்ணே பதறிப் பதறிக் கோணலா அடுக்குறாக. எந்திரிச்சு ஒரு கை கொடுப்போம்னு பாக்கேன், கையி வரமாட்டேங்கு'ன்னா. நாலு நாளும் இதே பேச்சு. நெனப்புத் தப்புன பெறகும், 'கை கொடுக்கணும், கை கொடுக்கணும்'னே முனங்கிட்டுக் கெடந்தா."

காற்று மக்காச்சோளத்துக்குள் போய்வந்தது. அவன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

"நெனப்பு நல்லா இருந்தப்ப ஒரு தடவ, அந்த அண்ணனப் பாத்து ஒரு வார்த்த சொல்லிருங்கன்னா. அதுக்குத்தான் வந்தேன். எனக்கா மனசு வந்து வரல. அவ சொல்லிட்டுப் போனா, செஞ்சேன்."

"இப்ப என் மேல கோவம் இருக்காப்பா?"

யோசித்துவிட்டுச் சொன்னான். "இருக்குண்ணே. கொறஞ்சிருக்கு."

அந்தப் பதிலை நான் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். இல்லை என்று சொல்லியிருந்தால்தான் எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தான். "அந்த எடத்தக் காட்டுங்கண்ணே. நான் இன்னும் அங்கன போனதில்ல" என்றான்.

விருதுநகர் வழியாக ஒரு மணி நேர ஓட்டம். முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. மரத்தடியில் நிறுத்தினேன். காட்டுக்குள் அந்த யூனிட் சீல் வைத்துக் கிடந்தது, சுவரில் கொடி படர்ந்துவிட்டது. அவள் எங்கே கிடந்தாள் என்று கேட்டான், காட்டினேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த மண்ணில் உள்ளங்கையை வைத்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி வைத்திருந்தான். நான் தள்ளிப் போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டேன். எவ்வளவு நேரமோ தெரியாது, வெயில் மஞ்சளாகிவிட்டது.

"சரி, போவோம்" என்ற குரல் கேட்டது. என்னிடம் சொல்கிறான் என்று வண்டியைக் கிளப்பினேன். திரும்பிப் பார்த்தால் அவன் மரத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். பிறகு வந்து, முன் கதவுக்கு வராமல், பின்னால் போய்ச் சங்கிலியைக் கழற்றினான். பூட்டு போடவில்லை நான்.

"முன்னாடி வாப்பா. அங்க வெறும் பலகை."

"இருக்கட்டும்ணே. இங்கனயே வாரேன்."

ஏறிக் கதவை இழுத்துக்கொண்டான்.

மல்லாங்கிணறு வரைக்கும் அவன் பின்னால் தணிந்த குரலில் பேசிக்கொண்டே வந்தான். என்ன பேசினான் என்று எனக்குக் கேட்கவில்லை, இன்ஜின் சத்தம். கேட்கவும் நான் முயற்சி செய்யவில்லை. இரண்டு தடவை சிரித்த மாதிரி இருந்தது. கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் ஓட்டினேன். பள்ளம் மேடு வந்தால் மெதுவாக இறக்கி ஏற்றினேன். அவ்வளவு மெதுவாக அந்த வண்டியை நான் ஓட்டியதே இல்லை.

அவன் வீட்டு வாசலில் நிறுத்தும்போது விளக்கு வைக்கிற நேரம். இன்ஜினை அணைத்தேன். ஸ்டியரிங்கில் கை வைத்து முன்னால் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். பின் கதவு திறந்தது. அவன் இறங்கினான், வண்டி கொஞ்சம் மேலே எழுந்தது. ஒரு ஆள் இறங்கினால் எழுமே, அப்படி. கதவை மூடுவான் என்று காத்திருந்தேன். மூடவில்லை. கதவைத் தூக்கிப் பிடித்தபடி ஓரமாக ஒதுங்கி நிற்கிறான் என்று பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. யாராவது இறங்குவதற்கு வழி விட்டு நிற்பார்களே, அந்த மாதிரி.

வண்டி இன்னொரு முறை எழுந்தது.

அப்புறம் அவன் கதவை மெதுவாகச் சாத்திச் சங்கிலியை மாட்டிவிட்டு, என் ஜன்னலுக்கு வந்து, "சாப்பிட்டுப் போறீகளாண்ணே" என்றான். இல்லப்பா, நேரமாயிருச்சு என்றேன். "பாத்துப் போங்க" என்றான். அவன் வீட்டுக்குள் போய் விளக்கைப் போடும் வரைக்கும் என்னால் சாவியைத் திருப்ப முடியவில்லை.

அதற்குப் பிறகு அந்த ரோட்டில் எத்தனையோ லோடு அடித்துவிட்டேன், ஒன்றும் நடந்ததில்லை. கருப்பசாமியும் நானும் இப்போது போனில் பேசிக்கொள்கிறோம், மழை பெய்ததா, கதிர் பிடித்ததா என்று. அன்றைக்கு வண்டியில் என்ன நடந்தது என்று அவனும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. நீங்கள் ஸ்பிரிங் பட்டை பழசு, ஒரே தடவையில் எழாமல் இரண்டு தடவையாக எழுந்திருக்கும் என்று சொல்வீர்கள். என் மெக்கானிக்கும் அதைத்தான் சொன்னான். இருக்கலாம்.

ஆனால் இரண்டாவது தடவை எழுந்தது முதல் தடவையைவிடக் கொஞ்சம் குறைவு. அவளைக் கையில் தூக்கி அந்தப் பலகையில் கிடத்தியவன் நான். அவ்வளவு கனம்தான் இருந்தாள்.